செட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள்? தமிழாக்கும்போது எதைப் பிடித்துக்கொள்வது?

சொல்தேடி:

எல்லோருக்கும் வணக்கம். கட்டற்ற மென்பொருள்களின் திரைச் சொற்களைத் தமிழாக்கும் குழு ஒன்றில் ஓய்வு நேரத்தில் வேலை செய்கிறேன். இப்போது கையில் இருக்கும் கோப்பில் ‘செட்’ என்ற சொல் பல இடங்களில் வருகிறது. அலாரம் திரையில் ஒரு பொத்தானின் பெயர் ‘செட்’. படக்குறிகளின் பட்டியலுக்கு ‘ஐகான் செட்’. கடவுச்சொல் இன்னும் கொடுக்காதவர்களுக்கு ‘நாட் செட்’ என்று காட்டுகிறது. வானிலைப் பகுதியில் ‘சன்செட்’ வேறு. முன்பு யாரோ எல்லா இடத்திலும் ‘தொகுப்பு’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அலாரம் பொத்தானிலும் ‘தொகுப்பு’ என்றே நிற்கிறது. அதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று தமிழில் படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. என் கேள்வி இதுதான். இந்தப் பொருள்களை எல்லாம் இணைக்கும் இழை ஏதாவது இருக்கிறதா, இல்லை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் மனத்தில் ஏற்ற வேண்டுமா?

நெல்லை வாத்தியார்:

நல்ல கேள்வி தம்பி. இழை இருக்கிறது. ஆனால் அது ஒன்றல்ல, இரண்டு. முதல் இழையை மட்டும் நான் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘சிட்’ என்றால் உட்கார், இரு. ‘செட்’ என்பது அதன் பிறவினை: உட்காரச் செய், இருக்கச் செய். தமிழில் ஓடு–ஓட்டு, உருள்–உருட்டு, ஆடு–ஆட்டு என்று நாம் பிறவினை செய்கிறோம் அல்லவா? பழைய ஜெர்மானிய மொழிகளில் அதற்கு உயிரெழுத்து மாறும். ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ஸிட்சென்’ என்றால் உட்கார்ந்திரு, ‘ஸெட்சென்’ என்றால் உட்கார வை. ஆங்கிலத்தில் இந்த முறை இன்று உயிரோடு இல்லை, தடங்கள் மட்டும் கிடக்கின்றன. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் மரத்தை விழ வெட்டு. ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. ‘சிட்’, ‘செட்’ ஜோடியும் அதே குடும்பம்தான். இரு–இருத்து என்று தமிழில் எழுதிப் பார்த்தால் அச்சாகப் பொருந்தும்.

இருத்து என்பது இப்போது பேச்சில் அதிகம் இல்லை. அந்த வேலையை எடுத்துக்கொண்ட சொல் ‘வை’. இதைப் பிடித்துக்கொண்டால் பாதித் தூரம் கடந்துவிடலாம். அலாரம் வைக்கிறோம். தீ வைக்கிறோம். எலிக்குப் பொறி வைக்கிறோம். கல்யாணத்துக்குத் தேதி வைக்கிறோம், சரக்குக்கு விலை வைக்கிறோம், பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறோம். கல் வைத்த தோடு, அடை வைத்த கோழி, கால் வைத்த இடம், பணத்தை ஒதுக்கி வைத்தது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’ வரும். அவர்களும் முட்டைக்கு மேல் கோழியை ‘செட்’ செய்கிறார்கள். மோதிரத்தில் கல்லைச் ‘செட்’ செய்கிறார்கள்.

இதைவிட ஆச்சரியமான ஒன்று உண்டு. அந்தச் செய்தி என்னை யோசிக்க வைத்தது என்கிறோம். இங்கே ‘வை’ எதையும் எங்கேயும் வைக்கவில்லை, வேறொரு வினையைப் பிறவினையாக்கும் துணைவினை அது. ஆங்கிலத்திலும் ‘இட் செட் மீ திங்கிங்’ என்பார்கள். ஒன்றோடு ஒன்று உறவில்லாத இரண்டு மொழிகள், ‘ஓர் இடத்தில் இருக்கச் செய்’ என்ற பொருளிலிருந்து ‘ஒரு நிலையில் இருக்கச் செய்’ என்ற பொருளுக்குத் தனித்தனியாக நடந்து வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் பிடிபடாத சொற்குவியல் என்ற பயம் அந்த இடத்தில் கொஞ்சம் குறைகிறது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ‘வை’ போடக்கூடாது. ‘செட் ஐஸ் ஆன்’ என்றால் ஒன்றைப் பார்த்தான், அவ்வளவுதான். தமிழில் ‘கண் வைத்தான்’ என்றால் கதையே வேறு.

மேஸ்திரி மகன்:

வாத்தியார் ஐயா சொன்னது ஒருவர் ஒன்றை வைப்பது. எங்கள் வேலையில் யாரும் வைக்காமல் தானாக ‘செட்’ ஆவது ஒன்று இருக்கிறது. சிமெண்ட்.

தண்ணீர் பட்டதிலிருந்து சிமெண்ட் குழைவை இழந்து இறுக ஆரம்பிப்பதைத்தான் ‘செட்டிங்’ என்கிறோம். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர விதி இரண்டு எல்லைகள் வைத்திருக்கிறது. முதல் இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன்னால் வரக்கூடாது. கடைசி இறுக்கம் 600 நிமிடத்துக்குள், அதாவது 10 மணி நேரத்துக்குள், முடிந்துவிட வேண்டும். கலந்து, தூக்கிக்கொண்டு போய், கொட்டி, மட்டம் பார்க்க அந்த முதல் அரை மணி வேண்டும். அது கிடைப்பதற்காகவே ஆலையில் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். ஜிப்சம் இல்லாவிட்டால் சட்டியிலேயே இறுகிப்போகும்.

இங்கே சொல் விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும். ‘செட்’ ஆவதும் ‘ஹார்டன்’ ஆவதும் ஒன்றல்ல. மறுநாள் காலையில் தளத்தில் நடந்து பார்த்துவிட்டு “செட் ஆயிடுச்சு, இனி தண்ணி விட வேண்டாம்” என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. வடிவம் நின்றுவிட்டது, சரி. வலு இனிமேல்தான் ஏறும். வலுவைச் சோதிக்க 28-ஆம் நாள் கணக்கு வைத்திருப்பதே அதனால்தான். இந்த இரண்டு சொல்லையும் ஒன்றாக்கி ‘கெட்டியாதல்’ என்று மொழிபெயர்த்த பாடக்குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். தொழிலுக்கு வரும் பையன்கள் அதைப் படித்துவிட்டு க்யூரிங்கை, அதாவது தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருப்பதை, நிறுத்தினால் நஷ்டம் கட்டடத்துக்கு. ‘செட்டிங்’ என்பதற்கு இறுகுதல், ‘ஹார்டனிங்’ என்பதற்கு வலுவேறுதல் என்று பிரித்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நெல்லை வாத்தியார்:

அருமை தம்பி. சூரியனும் அந்த வகைதான். ‘சன் செட்ஸ்’ என்பதில் சூரியனை யாரும் வைக்கவில்லை, அதுவே கீழே போய் அமர்கிறது. செட்டும் சிட்டும் பழங்காலத்தில் பல இடங்களில் ஒன்றுக்கொன்று கலந்துவிட்டன. அமெரிக்காவின் தென்பகுதிப் பேச்சில் இன்றும் உட்காருவதற்கே ‘செட்’ என்பவர்கள் இருக்கிறார்கள். சிமெண்ட், ஜாம், தயிர் எல்லாம் தன்வினைப் பக்கம் வந்து உட்கார்ந்த ‘செட்’. தமிழில் இதற்கு ஒரே சொல் கிடையாது. பொழுது சாய்கிறது, தயிர் உறைகிறது, ஜாம் கெட்டிப்படுகிறது, காரை இறுகுகிறது.

கணக்கு டீச்சர்:

வாத்தியார் ஐயா பாக்கி வைத்த இரண்டாவது இழையை நான் எடுத்துக்கொள்கிறேன். கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல் ‘செட்’ வேறு பிறப்பு. லத்தீனில் ‘செக்டா’ என்றால் பின்பற்றுதல், ஒருவரைப் பின்பற்றும் கூட்டம். அது பழைய பிரெஞ்சில் ‘செட்’ என்று சுருங்கி ஆங்கிலத்துக்கு வந்தது. மதப்பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்ற சொல்லும் அதே வேர்தான். வந்த இடத்தில் ஏற்கெனவே ‘செட்’ என்ற வினை இருந்ததால் ஒலி ஒன்றாகி, பொருளும் ஒட்டிக்கொண்டது. சேர்த்து வைக்கப்பட்டவை என்றால் தொகுதிதானே என்று பேசுபவர்கள் நினைத்திருக்கலாம். அப்படி இரண்டு ஆறு கலந்த பிறகு எந்தத் தண்ணீர் எதனுடையது என்று எல்லா இடத்திலும் பிரித்துக் காட்ட முடியாது.

கணிதத்தில் நாம் படிக்கும் ‘செட்’ இந்த இரண்டாவது ‘செட்’. இந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்ட ஜார்ஜ் கான்டர் ஜெர்மன் மொழியில் எழுதியவர். 1895-இல் அவர் தந்த வரையறையில் இருக்கும் சொல் ‘மெங்க’. கூட்டம், ஏராளம் என்ற பொருளில் ஜெர்மன்காரர்கள் அன்றாடம் புழங்கும் சொல் அது. அதை ஆங்கிலத்தில் ‘செட்’ ஆக்கினார்கள், நாம் ‘கணம்’ ஆக்கினோம். தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ‘கண மொழி’ என்ற பாடத்தில்தான் தொடங்குகிறது. உட்கணம், வெற்றுக்கணம், அனைத்துக்கணம் என்று அழகாகப் போகும்.

சொல்தேடி, உங்கள் ‘ஐகான் செட்’ இந்தப் பக்கம். அதற்குத் தொகுப்பு சரி. அலாரம் வாத்தியார் பக்கம்.

யாழ் வாசகன்:

டீச்சர், இலங்கையில் நாங்கள் ‘கணம்’ என்று படிக்கவில்லை. எங்கள் கணிதப் புத்தகத்தில் அது ‘தொடை’. உபதொடை அல்லது தொடைப்பிரிவு, சூனியத்தொடை, அகிலத்தொடை என்று வரும். பூவைத் தொடுப்பது போல ஒன்றாகக் கோத்தது தொடை. செய்யுளில் எதுகைத் தொடை, மோனைத் தொடை என்பதும் இந்தச் சொல்தான். தமிழ்நாட்டு நண்பர்கள் முதலில் கேட்கும்போது காலை நினைத்துச் சிரிப்பார்கள், ஆனால் ஆக்கியவர்கள் நன்றாக யோசித்துத்தான் ஆக்கியிருக்கிறார்கள். உறுப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் செயலே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

உங்கள் மென்பொருள் எங்களுக்கும் வரும் அல்லவா? ‘செட்’ என்று எழுத்துப்பெயர்ப்புச் செய்தால் நாங்கள் ‘செற்’ என்று எழுதிப் பழகியவர்கள். ஆகவே மொழிபெயர்க்க முடிந்த இடத்தில் மொழிபெயர்த்துவிடுங்கள். இரு பக்கத்துக்கும் அதுவே வசதி.

அகராதிப் பித்தன்:

எத்தனை பொருள் என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைதான். சுமார் 430 பொருள்கள், விளக்கமும் மேற்கோளுமாக ஏறத்தாழ 60,000 சொற்கள். ஒரு சிறிய நாவல் அளவு. முதல் பதிப்பில் எஸ் எழுத்தின் தொடக்கப் பகுதியைப் பதிப்பித்தவர் ஹென்றி பிராட்லி. அவர் ஷெஃபீல்டில் கத்தி முள்கரண்டி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், மொழிகளைத் தானே கற்றவர். 1884-இல் அகராதியின் முதல் பகுதி வெளிவந்தபோது அவர் எழுதிய மதிப்புரையைப் படித்துத்தான் அகராதியின் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே அவரை வேலைக்கு இழுத்துக்கொண்டார். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு உற்சாகமாக இருக்கும்.

அந்த முதலிடம் இப்போது செட்டிடம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் அகராதியை முழுவதுமாகத் திருத்தி இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். திருத்தம் எம் எழுத்திலிருந்து தொடங்கியது. முதலில் ‘மேக்’ முந்தியது, பிறகு ‘புட்’ முந்தியது, 2011-இல் ‘ரன்’ எல்லாவற்றையும் தாண்டியது. ‘ரன்’ வினைக்கு மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் ஒன்பது மாதம் அந்த ஒரே சொல்லோடு இருந்தார். இயந்திரம் ஓடுவது, நிரல் ஓடுவது, தேர்தலில் நிற்பது, கடை நடத்துவது என்று கடந்த இரு நூற்றாண்டுகளில் அதற்குக் கிளைகள் பெருகின.

இந்தச் சொற்கள் படுத்தும் பாடு புதிதல்ல. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியின் முன்னுரையிலேயே கம், கெட், கிவ், டூ, புட், செட், கோ, ரன், மேக், டேக் என்று வரிசையாகப் பெயர் சொல்லி, இவற்றின் பொருளை எல்லை கட்டிச் சொல்ல முடியவில்லை என்று வருந்தியிருக்கிறார். எல்லாம் சிறிய சொற்கள், பழைய சொற்கள், நாள் முழுக்க வாயில் வருபவை. 1945-இல் ஜார்ஜ் ஸிப்ஃப் என்பவர் இதைக் கணக்காகவே காட்டினார். அதிகம் புழங்கும் சொல்லுக்கு அதிகப் பொருள். ஏறத்தாழ, ஒரு சொல் இன்னொன்றைவிட நான்கு மடங்கு புழங்கினால் பொருள் இரண்டு மடங்கு இருக்கும்.

ஆனால் 430, 645 என்ற எண்களைச் சொல்லின் சொத்துக் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொருள்களைச் சேர்க்கிறவர் கையில் கொடுத்தால் குறையும், பிரிக்கிறவர் கையில் கொடுத்தால் கூடும். மேசைமேல் விளக்கை வைப்பதும் மோதிரத்தில் கல்லை வைப்பதும் ஒரே பொருளா, இரண்டா? அகராதிக்காரர்கள் இதை ஒவ்வொரு சொல்லுக்கும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

பத்தாம் நம்பர் வீடு:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ‘இருக்கச் செய்’ என்ற ஒரே மூலத்திலிருந்து எல்லாம் வந்தது என்பது தெரிந்த பிறகு சொல்ல அழகாக இருக்கிறது. தெரியாதவனுக்கு அது உதவுமா? ‘செட் அவுட்’ என்றால் கிளம்பு. ‘செட் அபான்’ என்றால் பாய்ந்து தாக்கு. ‘செட் இன்’ என்றால் மழையோ குளிரோ பிடித்துக்கொள்வது. ‘செட் அபவுட்’ என்றால் ஒரு வேலையில் இறங்கு. இருக்கச் செய்வதை வைத்துக்கொண்டு இதில் எதை ஊகிக்க முடியும்? நான் ஆங்கிலம் கற்றது முப்பது வயதுக்கு மேல். வேர் தெரிந்து எனக்கு ஒரு சொல்லும் வந்ததில்லை. வாக்கியம் வாக்கியமாகப் படித்துத்தான் வந்தது.

நெல்லை வாத்தியார்:

நீங்கள் சொல்வது நியாயம். கற்பதற்கு வேர் போதாது. அந்தக் கூட்டு வினைகளை ஒவ்வொன்றும் ஒரே சொல் என்று எண்ணிக் கற்க வேண்டும். ‘செட் அவுட்’ என்பதை இரண்டாக வெட்டாதீர்கள். தமிழ் கற்கும் ஒருவரிடம் வா, போ இரண்டுக்கும் பொருள் சொல்லிக்கொடுத்துவிட்டு, ‘மயக்கம் வந்தது’, ‘மின்சாரம் போனது’ இரண்டையும் நீயே ஊகித்துக்கொள் என்றால் முடியுமா? வேர் எதற்கு என்றால், கற்றதை மறக்காமல் பிடித்து வைக்க. அதற்கு மேல் நான் உரிமை கோரவில்லை.

கறுப்பு அங்கி:

நீதிமன்றத்தில் இந்தச் சொல் மனிதர்களின் சொத்தையும் சுதந்திரத்தையும் தொடுகிறது, ஆகவே நானும் எழுதுகிறேன்.

உரிமையியல் வழக்கில் பிரதிவாதி ஆஜராகாவிட்டால் அவரைச் ‘செட் எக்ஸ்பார்ட்டி’ செய்வார்கள். அவர் தரப்பு இல்லாமலேயே வழக்கு நடந்து தீர்ப்பாணை ஆகும். அப்புறம் அவர் ஓடி வந்து, தகுந்த காரணம் காட்டி, அந்தத் தீர்ப்பாணையைச் ‘செட் அசைட்’ செய்யக் கோருவார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒன்பதாவது கட்டளை, 13-ஆவது விதி. தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாள் கெடு, சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். ஒரே மனுவில் முதல் ‘செட்’ அவரை வெளியே நிறுத்தியது, இரண்டாவது ‘செட்’ அவரை உள்ளே விடுகிறது. வாத்தியார் ‘செட் அசைட்’ என்பதற்கு ஒதுக்கி வை என்றார். பணத்துக்கு அது சரி. தீர்ப்புக்கு அது ரத்து. “உங்கள் தீர்ப்பை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்” என்று ஒரு கட்சிக்காரரிடம் சொன்னால், தீர்ப்பு பிறகு வரும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்னொன்று ‘செட் ஆஃப்’. பணக் கோரிக்கை வழக்கில் நீ எனக்குத் தர வேண்டியதை நான் உனக்குத் தர வேண்டியதில் கழித்துக்கொள் என்பது எட்டாவது கட்டளையின் 6-ஆவது விதி. குற்ற வழக்கில், விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த நாட்களைத் தண்டனையில் கழிப்பதும் ‘செட் ஆஃப்’. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 428-ஆவது பிரிவு, இப்போதைய சட்டத்தில் 468. சிறையில் இருப்பவரின் குடும்பம் வந்து “செட் ஆஃப் கிடைக்குமா சார்” என்றுதான் கேட்கும். அந்தச் சொல்லை அவர்கள் அகராதியில் பார்க்கவில்லை. வெளியே வரும் தேதி அதில் இருக்கிறது, அதனால் தெரியும்.

நெட் பக்கம்:

வாலிபாலை யாரும் சொல்லவில்லை. ஒரே ஆட்டத்தில் இரண்டு ‘செட்’. 25 புள்ளி எடுத்தால் ஒரு செட், ஐந்தாவது செட் மட்டும் 15. உள்ளே ஆடும்போது, அடிப்பவருக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பதும் ‘செட்’, அவர்தான் செட்டர். “இந்த செட்ல செட்டர் சரியில்ல” என்று எங்கள் ஊர்த் திடலில் கேட்கலாம், யாரும் குழம்புவதில்லை. முன்னது செக்டா பக்கம், பின்னது வை பக்கம் என்று டீச்சர் சொன்னதை வைத்து இப்போது புரிகிறது.

வைகைக்கரை:

நெட் பக்கம் சொன்னது போல நம் ஊரில் இந்தச் சொல் தனி வாழ்க்கை வாழ்கிறது. அதையும் பதிந்துவைக்க வேண்டும் என்று ஆசை.

வயலில் பம்புசெட்டு. கோயில் கொடைக்கு மைக் செட்டு, எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் அதையே ரேடியோ செட்டு என்பார்கள். கல்யாணத்துக்கு எத்தனை செட் மேளம் என்று பேசுவோம், கரகாட்டத்துக்கும் செட்டுதான், அங்கே அது குழு. சினிமாவுக்குப் போடும் செட் வேறு. ஓட்டலில் செட் தோசை, கர்நாடகத்திலிருந்து வந்தது, இரண்டோ மூன்றோ சேர்த்துத் தருவதால் அந்தப் பெயர். நம்ம செட்டு என்றால் நம் வயதுக்காரன், கூட்டாளி. இவை எல்லாம் தொகுதி என்ற பொருளை ஒட்டியவை.

‘செட் ஆகல’ என்பது வேறு. அந்த வேலை எனக்கு செட் ஆகல, அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது. ஒத்துவரவில்லை என்ற இந்தப் பொருளை ஆங்கிலேயரிடம் சொன்னால் அப்படியே விளங்காது. இது தமிழ்நாட்டில் முளைத்தது. தவறான ஆங்கிலம் என்று சிலர் திருத்துவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இது ஆங்கிலமே இல்லை, தமிழ்ப் பேச்சு. லத்தீன் சொல்லை ஆங்கிலேயர் வளைத்துக்கொண்டது போல நாமும் வளைத்துக்கொண்டோம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ‘செட்டு’ என்று நம்மிடம் பழைய தமிழ்ச் சொல் ஒன்று உண்டு. வணிகம், சிக்கனம் என்று பொருள். “சிக்கனமும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்” என்பதில் வருவது இதுதான். ஆங்கில செட்டுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. நாளைக்கு யாராவது இரண்டையும் சேர்த்து ஒரு கதை கட்டிப் பகிர்ந்துவிடப் போகிறார்கள், அதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

நிரலாளர்:

சொல்தேடியின் பிரச்சினைக்குத் திரும்புகிறேன். அலாரம் பொத்தானில் ‘தொகுப்பு’ வந்ததற்கு முன்பு மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது. அவர் முன்னால் இருந்தது தனியான மூன்று ஆங்கில எழுத்து மட்டும். அது வினையா பெயரா என்பதைக்கூட அதிலிருந்து சொல்ல முடியாது. இறந்தகாலத்திலும் அது மாறுவதில்லை. அதனால்தான் ‘நாட் செட்’ என்பது ஏவல் அல்ல, ‘வைக்கப்படவில்லை’ என்று நிலையைச் சொல்வது என்பதும் தனியாகப் பார்த்தால் தெரியாது.

இயந்திர மொழிபெயர்ப்பின் தொடக்கத்திலேயே இது பெரிய சுவராக நின்றது. 1960-இல் யெஹோஷுவா பார்-ஹில்லெல் என்ற ஆய்வாளர் ஓர் எடுத்துக்காட்டு கொடுத்தார். ஒரு சிறுவன் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான், கடைசியில் கண்டுபிடிக்கிறான், பெட்டி ‘பென்’னுக்குள் இருந்தது. பென் என்றால் பேனாவும் உண்டு, குழந்தை விளையாடும் அடைப்பும் உண்டு. பேனாவுக்குள் பெட்டி போகாது என்பது நமக்குத் தெரியும். அந்த உலக அறிவு இயந்திரத்துக்கு எங்கிருந்து வரும் என்று அவர் கேட்டார். இன்றைய நிரல்கள் சுற்றியுள்ள சொற்களைப் பார்த்து இந்த மாதிரி இடங்களைப் பெரும்பாலும் சரியாகப் பிடிக்கின்றன. ஆனால் சுற்றிச் சொற்களே இல்லாத பொத்தானில் நிரலுக்கும் மனிதருக்கும் ஒரே கஷ்டம்தான்.

ஆகவே சண்டையை மொழிபெயர்ப்பவர் பக்கம் போடாதீர்கள், மூலத்தை எழுதுபவர் பக்கம் போடுங்கள். கெட்டெக்ஸ்ட் போன்ற மென்பொருள் மொழிபெயர்ப்புக் கருவிகளில் ஒவ்வொரு சரத்துடனும் (திரையில் வரும் ஒரு சொல் அல்லது தொடர்) சூழல் குறிப்பு சேர்க்க இடம் இருக்கிறது. ‘அலாரம் பொத்தான், வினை’ என்று இரண்டு சொல் எழுதினால் போதும். குறிப்பு வேறாக இருந்தால் அதே ‘செட்’ இரண்டு தனிச் சரமாகப் பிரியும், இரண்டுக்கும் வேறு வேறு தமிழ் கொடுக்கலாம். குறிப்பு இல்லாவிட்டால் எல்லா இடத்துக்கும் ஒரே தமிழ்தான், நீங்கள் எவ்வளவு நன்றாக யோசித்தாலும். திட்டத்தில் ஒரு வழு அறிக்கை, அதாவது குறையைத் தெரிவிக்கும் பதிவு, போடுங்கள். தமிழுக்கு மட்டும் இல்லை, எல்லா மொழிக்காரர்களும் இந்த இடத்தில் இடறியிருப்பார்கள்.

சொல்தேடி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நிரலாளர் சொன்னபடி வழு அறிக்கை போட்டுவிட்டேன். அவர்கள் குறிப்பு சேர்த்ததும் இப்படிப் போடலாம் என்று நினைக்கிறேன்: அலாரம் பொத்தானுக்கு ‘அலாரம் வை’. ஐகானுக்கு ‘படக்குறித் தொகுப்பு’. கடவுச்சொல்லுக்கு ‘இன்னும் அமைக்கவில்லை’. சன்செட்டுக்கு ‘சூரிய மறைவு’, இலங்கையிலும் இதில் குழப்பம் இருக்காது என்று நம்புகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. உடற்பயிற்சிப் பகுதியில் ‘செட் 2 ஆஃப் 3’ என்று வருகிறது. தண்டால் எடுத்து, ஓய்வெடுத்து, மறுபடி எடுப்பது. இது டீச்சர் பக்கத்து செட் என்று தெரிகிறது, ஆனால் ‘மூன்றில் இரண்டாம் தொகுப்பு’ என்று எழுதக் கை வரவில்லை.

யாழ் வாசகன்:

‘சுற்று’ என்று போடலாமே. 3 சுற்றில் 2.

நெட் பக்கம்:

சுற்று என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடுவது என்று எடுத்துக்கொள்வார்கள் அண்ணா, அதே பகுதியில் ஓட்டமும் இருக்கும். ஜிம்முக்குப் போகிறவர்கள் யாரிடம் கேட்டாலும் செட் என்றுதான் சொல்வார்கள்.

யாழ் வாசகன்:

ஓட்டமும் அங்கேயே இருக்கிறது என்றால் சுற்று சரிவராதுதான். ‘தடவை’?

கணக்கு டீச்சர்:

தடவை என்றால் ஒவ்வொரு தண்டாலும் ஒரு தடவை. ஒரு செட்டுக்குள் பத்துத் தடவை வரும். அந்தச் சொல்லை ‘ரெப்’ என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அந்தத் திரையில் நிச்சயம் இருக்கும். செட்டை செட்டாகவே விடலாம் என்பது என் கருத்து: ‘3-இல் 2-ஆம் செட், 10 தடவை’.

சொல்தேடி:

‘ரெப்’ அடுத்த வரியிலேயே இருக்கிறது டீச்சர். இதையே போடுகிறேன். இலங்கைப் பதிப்பு தனியாக வரும்போது அதில் ‘செற்’.